இந்திரன் மேல் ஒரு கேஸ்

ஆபீஸில் மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் இந்த வாரம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கவும்.

1944. சிம்லா. ரயில்வே போர்டு கட்டடத்தின் மேல் மாடியில்தான் அப்போது இந்தியத் தொல்பொருள் துறையின் தலைமை ஆபீஸ். புது டைரக்டர் ஜெனரல் படியேறி வருகிறார். முறுக்கு மீசை, மிலிட்டரி நடை. வழியெல்லாம் பியூன்கள் நீட்டிப் படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தராகத் தாண்டி உள்ளே போனால் குமாஸ்தாக்கள் கும்பல் கும்பலாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மனிதர் காளை மாடு மாதிரி ஒரு குரல் கொடுத்தார். அப்போது எழுந்த துறை, அடுத்த நாலு வருஷம் மறுபடி படுக்கவில்லை.

இதை எழுதி வைத்தது அவரேதான், தன் சுயசரிதையில். பியூன்கள் தரப்பில் யாரும் சுயசரிதை எழுதவில்லை. இந்த பாயிண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெயர் மார்ட்டிமர் வீலர். 1890-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். இரண்டு உலக யுத்தத்திலும் பீரங்கிப் படையில் இருந்தவர். இந்திய வேலைக்கு அழைப்பு வந்தபோது வட ஆப்பிரிக்காவில் பிரிகேடியர். 1943-ல் இத்தாலியில் சலெர்னோ கடற்கரையில் படை இறங்கவேண்டி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். (நமக்கு விருதுநகருக்கு மாற்றல் வந்தாலே மெடிக்கல் லீவ்.)

தொல்பொருள் ஆராய்ச்சி என்றால் நம் பசங்களுக்கு இண்டியானா ஜோன்ஸ்தான். தொப்பி, சவுக்கு, பாம்பு, கடைசி ரீலில் தங்கப் பெட்டி. நிஜத்தில் நடப்பது வேறு. வெயிலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கரணையால் மண்ணைச் சுரண்டுவது. டேப் பிடிப்பது. ரசமட்டம் பார்ப்பது. சாயங்காலம் வாளி வாளியாகப் பானை ஓடுகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது. காய்ந்த பிறகு ஒவ்வொரு ஓட்டின் உள்பக்கமும் இங்க்கில் பொடி எழுத்தில் நம்பர் எழுதுவது. எந்தக் குழி, எந்த அடுக்கு. பத்தாயிரம் ஓடு என்றால் பத்தாயிரம் தடவை. ஹீரோயினுக்கு இதில் இடமே கிடையாது.

இவ்வளவு குமாஸ்தா வேலை எதற்கு? பி.காம். படித்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஸ்டாக் கணக்கில் லிஃபோ என்று ஒரு முறை உண்டு: கடைசியில் வந்த சரக்கு முதலில் வெளியே போகும். பூமி கணக்கு வைப்பது அந்த முறையில்தான். மேலே இருப்பது நேற்றைய குப்பை, கீழே இருப்பது அசோகர் காலத்துக் குப்பை. நான் ஓர் ஆடிட்டரிடம் எடுபிடியாக இருந்தபோது ஸ்டாக் எடுக்க கோடவுன்களுக்குப் போவேன். மேல் மூட்டையை நகர்த்தினால்தான் கீழ் மூட்டை தெரியும். எண்ணி முடித்ததும் மூட்டையைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். மண்ணில் அது முடியாது. தோண்டுவது என்பது படித்த பக்கத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டே போவது. தோண்டியவன் எழுதி வைக்காவிட்டால் அந்தப் பக்கத்தைக் கடவுளே வந்தாலும் திருப்பிப் படிக்க முடியாது.

ஆகவே எழுத்துதான் இந்த வேலையில் பாதி. பாதிக்கும் மேல் என்று வீலர் நினைத்தார்.

அவருக்கு முன்னால் மொகஞ்சதாரோவில் என்ன செய்தார்கள் என்றால், ஒரு பொது மட்டத்திலிருந்து பத்தடிக் கீழே கிடைத்தது, பதினைந்தடிக் கீழே கிடைத்தது என்று ஆழத்தை மட்டும் குறித்துக்கொண்டார்கள். பார்க்க விஞ்ஞானம் மாதிரிதான் இருக்கும். ஆனால் நேற்று ஒருத்தர் கிணறு வெட்டி அதில் எட்டணாவைத் தவறவிட்டால், அந்த எட்டணா அசோகரோடு போய் உட்கார்ந்துகொள்ளும். ஆழம் வேறு, அடுக்கு வேறு. வீலர் சதுரம் சதுரமாகக் குழி போட்டு, நடுவே வயல் வரப்பு மாதிரி மண்ணை அப்படியே நிற்கவிட்டார். வரப்பின் பக்கவாட்டில் களிமண், சாம்பல், செங்கல் ஜல்லி என்று ஒவ்வொரு அடுக்கும் தெரியும். அதில் சீட்டுக் குத்தி, நம்பர் போட்டு, அளந்து படம் வரைய வைத்தார். 1944-ல் தட்சசீலத்தில் அறுபது பேர் போல மாணவர்களைச் சேர்த்துப் பள்ளிக்கூடமே நடத்தினார். பின்னாளில் அதே துறைக்கு டைரக்டர் ஜெனரலான பி.பி. லால் அந்தக் கிளாஸ்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1944 ஜூலையில் மெட்ராஸ் மியூசியத்தைப் பார்வையிட வந்தவர், ஓர் அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு ஜாடியின் கழுத்தையும் கைப்பிடியையும் வெளியே எடுத்தார். ரோமாபுரிக்காரர்கள் ஒயின் ஊற்றிக் கப்பலில் அனுப்புகிற ஜாடி. எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் என்றார்கள். பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சு ஊர். ராத்திரி ரயில் பிடித்தார்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. இந்த மேடு வீலருக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்த மேடு. சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்கவென்று வந்து, 1769-ல் அந்த நாள் பார்த்து மேகம் மூடியதால் கோட்டைவிட்ட துரதிர்ஷ்டசாலி லெ ஜெந்தில் என்ற பிரெஞ்சு வானியல்காரர் அங்கே உள்ள இடிபாடுகளைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். 1937 வாக்கில் அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகள் மழையில் பொறுக்கிய மணிகளை ழூவோ துப்ரேய் என்ற பேராசிரியரிடம் விற்றுக் காசு பார்த்தார்கள். அதில் ஒரு கல்லில் ஓர் ஆண் முகம். அகஸ்டஸ் சக்ரவர்த்தி என்றார் அவர்.

வீலர் 1945-ல் தோண்டினார். கிடைத்ததில் ஒஸ்தி, சிவப்பாகப் பளபளக்கிற தட்டுகளின் துண்டுகள். இத்தாலியில் அரெட்சோ என்கிற ஊர்த் தயாரிப்பு. அடியில் குயவர்கள் முத்திரை போட்டிருக்கிறார்கள். விபியே, காமுரி, இட்டா. நம் ஊர் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரிதான். இந்தத் தட்டுகள் எந்தக் காலத்தவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும்: கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டிச் சில பத்தாண்டுகள். அதாவது தேதி போட்ட வவுச்சர். தேதியே இல்லாத நம் பானைகள் அதே அடுக்கில் கிடந்தால் அவற்றுக்கும் தேதி வந்துவிடும். தென்னிந்தியப் பானை ஓடுகளுக்கு இப்படித்தான் முதன்முதலாக நம்பகமான வயசு கிடைத்தது. தமிழ் பிராமி கீறின ஓடுகளும் அங்கே கிடைத்தன.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். 1945-ல் தோண்டினதற்கு 1946 ஜூலை தேதியிட்ட இதழில் முழு ரிப்போர்ட், வரைபடங்களோடு. அதற்கென்று ‘ஏன்ஷியண்ட் இந்தியா’ என்று ஒரு பத்திரிகையே ஆரம்பித்திருந்தார். ஒரு வருஷம்! ஆதிச்சநல்லூரில் 2004-05-ல் தோண்டினார்கள். முழு அறிக்கைக்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம், நடுவே கோர்ட் வாசல் ஏறவேண்டி வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துப் பிரிகேடியரை நினைத்தால் பெருமூச்சுதான்.

ரிப்போர்ட்டோடு நிறுத்தவில்லை மனிதர். இங்கிலாந்தில் மெய்டன் காஸில் என்கிற மலைக்கோட்டையை 1934 முதல் 1937 வரை தோண்டியபோது, வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களை விரட்டாமல் கைடு வைத்து விளக்கம் சொன்னார். போஸ்ட் கார்டு விற்றார். மிச்சமிருந்த கவண் கற்களைக்கூட ஞாபகார்த்தமாக விற்றுத் தோண்டும் செலவுக்குச் சேர்த்தார். (என் காமர்ஸ் நெஞ்சு குளிர்ந்த இடம் இது.) 1952-ல் பி.பி.சி. டெலிவிஷனில் மியூசியப் பொருளைக் கையில் கொடுத்து இது என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று ஆரம்பமானது. மீசையோடு வீலர் வந்து உட்கார்ந்தார். 1954-ல் அந்த வருஷத்தின் சிறந்த டி.வி. பிரமுகர், சினிமாக்காரர் அல்ல, இந்தப் பானை ஓட்டுக்காரர்.

ஒரு வரவு எழுதினால் ஒரு பற்றும் எழுத வேண்டும். அவருடைய தோண்டல்களை நிஜத்தில் கட்டி மேய்த்ததில் பெரும் பங்கு அவர் மனைவி டெஸ்ஸாவுடையது. பயிற்சி கொடுத்தது, கணக்கு பார்த்தது, மண்ணில் நின்றது எல்லாம். 1936-ல் வீலர் மத்தியக் கிழக்குப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் பாரிஸில் ஒரு பேப்பரைப் பிரித்தார். டெஸ்ஸா செத்துப்போன செய்தி அதில் இருந்தது. அப்படித்தான் அவருக்குத் தெரியும்.

சரி, இந்திரன் எங்கே என்கிறீர்களா? வருகிறார்.

நன்றாக எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு ஓடு கிடைத்தால் அவை சும்மா இருக்காது, கதையாகிவிடும். அரிக்கமேட்டில் சாதாரண மீனவர்கள் அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தார்கள், திடீரென்று கடல் கடந்து ரோமானியச் சரக்கு வந்து ஊரையே மாற்றிவிட்டது என்கிற ரீதியில் எழுதினார் வீலர். படிக்கப் பிரமாதமாக இருக்கும். (மீனவர்கள் தரப்பிலும் சுயசரிதை இல்லை.) விமலா பெக்லி என்கிற ஆராய்ச்சியாளர் வீலரின் ரிப்போர்ட்டையும், அவருக்குப் பின்னால் அங்கே தோண்டிய பிரெஞ்சுக்காரர் கஸாலின் ரிப்போர்ட்டையும் மேஜையில் வைத்து அடுக்கு அடுக்காகத் திரும்பப் படித்து, 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். கணக்கு உதைக்கிறது, இந்த ஊர் இன்னும் பழசு என்று. அப்புறம் பென்சில்வேனியா, சென்னைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1989 முதல் 1992 வரை அங்கேயே தோண்டின. அகஸ்டஸுக்கு ரொம்ப முன்னாலேயே ஊர் இருந்திருக்கிறது, தொழில் இருந்திருக்கிறது, வியாபாரமும் இருந்திருக்கிறது. ரோமானியர் வந்து கண் திறந்துவிடும் வரை யாரும் தூங்கிக்கொண்டு இல்லை.

கவனியுங்கள், வீலரைத் திருத்த வீலரின் படங்களே போதுமாக இருந்தன. வரப்பில் குத்தின சீட்டு நாற்பது வருஷம் கழித்து அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது. ஒழுங்காக எழுதின நோட்டுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் இருக்க முடியாது.

இனி கேஸ். மொகஞ்சதாரோவில் பழைய தோண்டல்களில் சுமார் 37 எலும்புக்கூடுகள் கிடைத்திருந்தன. தெருவில், அறைகளில், படிக்கட்டில், தாறுமாறாக. 1946-ல் வீலர் ஹரப்பாவில் தோண்டினார், பெரிய கோட்டைச் சுவர் அகப்பட்டது. ரிக் வேதத்தில் இந்திரனுக்குப் புரந்தரன், அதாவது கோட்டைகளை உடைப்பவன், என்று ஒரு பெயர். கோட்டை இருக்கிறது, பிணம் இருக்கிறது, உடைப்பதில் பெயர் வாங்கினவன் இருக்கிறான். பீரங்கிப் பிரிகேடியருக்கு வேறென்ன வேண்டும்? ஆரியர் படையெடுத்து வந்து கடைசி நகரவாசிகளை வெட்டிச் சாய்த்தார்கள் என்று, இந்திரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி அச்சடித்த வாக்கியம் எழுதினார். அது ரேடியோ, பாடப்புத்தகம், மேடை எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்தது.

1964-ல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கர் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அந்த எலும்புகள் எல்லாம் ஒரே நாளில் செத்தவர்களுடையவை அல்ல, ஒரே காலத்தவைகூட அல்ல. கோட்டைப் பகுதியில் ஒரு பிணமும் இல்லை. எதிரி விட்டுப்போன ஆயுதம் இல்லை. பிற்பாடு கென்னத் கென்னடி என்கிற எலும்பு நிபுணர் மண்டை ஓடுகளைச் சோதித்தார். வெட்டுத் தடம் ஒன்றிரண்டில்தான், அதிலும் ஒன்று ஆறிப்போன காயம். போதாக்குறைக்கு ரேடியோ கார்பன் முறை வந்து, சிந்து நகரங்கள் களையிழந்த காலத்தை வீலர் போட்ட கி.மு. 1500-லிருந்து பின்னால் தள்ளி கி.மு. 1900 வாக்குக்குக் கொண்டுபோனது. குற்றம் நடந்ததாகச் சொன்ன தேதியே போச்சு. இந்திரன் தரப்பு வக்கீலுக்கு வேலையே மிச்சமில்லை.

(ஆரியர் வந்தார்களா, எப்போது, எப்படி என்பது வேறு வழக்கு. மரபணு, மொழி என்று அதற்குத் தனி சாட்சிகள் உண்டு. இந்த 37 எலும்புக்கூடுகளை அங்கே இழுக்காதீர்கள் என்பதுதான் விஷயம்.)

எனக்குப் பிடிபடாத ஒன்று. ஆழத்தை மட்டும் குறித்தார்கள், அடுக்கைப் பார்க்கவில்லை என்று மொகஞ்சதாரோ நோட்டுகளைத் திட்டித் தீர்த்தவர் இதே வீலர்தான். அந்த எலும்புகள் வந்ததும் அதே நோட்டுகளிலிருந்துதான். அரிக்கமேட்டில் ஒரு பானை ஓட்டை வவுச்சர் இல்லாமல் உள்ளே விடாத ஆடிட்டர், 37 பிணங்களை எப்படிப் பாஸ் பண்ணினார்?

தப்பு தெரிந்த பிறகு அவரும் தணிந்து, நகரங்கள் அழியக் காரணம் பல என்று 1960-களில் எழுதினார். 1976-ல் காலமானார். போன மாதம் ஒரு பட்டிமன்றத்தில் பேச்சாளர் ஒருவர் அந்த 37 பேரையும் மறுபடி வெட்டினார். நல்ல கைதட்டல்.