வீட்டுத்தோட்டம்: கிணற்றடி நாயுண்ணி



"நாயுண்ணியையும் ஆராவது தண்ணி ஊத்தி வளர்ப்பினமோ?" என்று என்னைக் கேட்டுச் சிரிக்காத அயலவர் இல்லை. நான் வளர்க்கிறேன். அதனால் ஒருமுறை நட்டமும் பட்டேன். இந்த மாதம் அதைத்தான் உங்களோடு பகிரப்போகிறேன்.

2010இல் முகாமிலிருந்து எங்கள் காணிக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருந்த இடமே தெரியாமல் நாயுண்ணிப் பற்றை மூடியிருந்தது. மிதிவெடி அகற்றி ஒப்படைத்த காணி என்பதால் துணிந்து வெட்டினோம். அப்போது என் மகளுக்கு எட்டு வயது. "அம்மா, கிணத்தடியில நிக்கிறதை மட்டும் விடுங்கோ" என்றாள். மஞ்சளும் ரோசாவும் கலந்து பூத்திருந்தது. தகப்பனின் படத்துக்கு வைக்க வளவில் வேறு பூ இல்லை. விட்டேன்.

நாயுண்ணியின் சொந்த இடம் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள். அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுப் பின் காடாகிப்போன கன்று இது. உடவளவை தேசிய பூங்காவில் புல்வெளிகளை மூடி யானைகளின் மேய்ச்சலையே குறைத்திருக்கிறது. ஆகவே இதை வளர்ப்பதென்றால் அடக்கி வளர்க்க வேண்டும்.

நல்ல வெயில் படும் இடத்தில் நடுங்கள். நிழலில் இலைதான் வரும், பூ வராது. தண்ணீர் தேங்கக்கூடாது. வேர் பிடித்த பின் கிழமைக்கு ஒருமுறை ஊற்றினாலே போதும். எருவும் அதிகம் வேண்டாம். மாரிக்கு முன் ஒரு கூடை மக்கிய சாணி காணும். தடி வைப்பதென்றால், பூக்காத இளங்கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டி, அடியிலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். மூன்று நான்கு கிழமையில் வேர்விடும். இலையின் அடியில் வெள்ளை ஈ தெரிந்தால் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள்.

புதிய கிளையில்தான் பூ வரும். அதனால் புரட்டாதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். மழையோடு தளிர்த்துப் பூக்கும். தண்டில் சிறு முள் உண்டு, கையில் பழந்துணி சுற்றிக்கொள்ளுங்கள். பூ வாடியதும் கொத்தைக் கிள்ளிவிட்டால் காய் பிடிக்காது. காய் பழுத்தால் குருவிகள் தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும். பச்சைக் காய் நஞ்சு, குழந்தைகள் வாயில் வைக்கவே கூடாது.

இனி என் நட்டத்தைச் சொல்கிறேன். 2012 புரட்டாதியில் வெட்டிய கிளைகளை ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் குவித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவை இரண்டே ஆடுகள். வழமையாக ஆடு நாயுண்ணியைத் தொடாது. அது வறட்சிக் காலம், புல் இல்லை. சினையாக நின்ற மறி தின்றுவிட்டது. இரண்டாம் நாள் தீன் எடுக்கவில்லை. கண் மஞ்சளித்தது. வெயில் பட்ட மூக்கும் காதும் வெந்ததுபோல் உரிந்தன. கால்நடை வைத்தியரைக் கூப்பிடப் பிந்திவிட்டேன். அவர் வந்தபோது ஈரல் பழுதாகியிருந்தது. ஐந்தாம் நாள் செத்துப்போனது.

அன்றே மண்வெட்டியோடு கிணற்றடிக்குப் போனேன். மகள் அழுதுகொண்டு குறுக்கே நின்றாள். வைத்தியர்தான் சொன்னார்: "பிழை கன்றில இல்லை அம்மா. வெட்டினதை நீங்கள் போட்ட இடத்தில." அந்தப் பேச்சு எனக்குச் சுட்டது. ஆனால் உண்மை.

இப்போது வெட்டும்போதே பக்கத்தில் குழி தோண்டிவிடுவேன். ஓர் இலைகூட மிஞ்சாமல் புதைத்த பிறகுதான் ஆட்டை அவிழ்ப்பேன். உங்கள் ஆடோ மாடோ இதைத் தின்றது தெரிந்தால், நோய்க்குறி வரும்வரை காத்திராமல் நிழலில் கட்டிவிட்டு உடனே வைத்தியரை அழையுங்கள்.

இன்னொன்று. காட்டோரத்தில் நல்ல நிறத்தில் பூத்திருக்கிறதென்று தடி முறிக்கப் போகாதீர்கள். மிதிவெடி அகற்றி ஒப்படைக்காத காணிக்குள் ஒரு பூவுக்காகக் கால் வைக்கவேண்டாம். தெரிந்தவர் வளவில் கேட்டு வாங்குங்கள்.

என்னிடமும் கேட்டு வருகிறார்கள். தடியைக் கொடுக்கும்போது, "வீட்டில ஆடு நிக்குதோ?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.