கட்டியங்காரன் எங்கே?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் பெட்டி பேசத் தொடங்குகிறது. காதல், அழுகை, பக்தி, மர்மம் எல்லாம் ஒரே நாடகத்தில் வருகின்றன. "இது குடும்பக் கதையா, பேய்க் கதையா?" என்று சிலர் கேலி செய்கிறார்கள்.

இந்தக் கலவை நம் மக்களுக்குப் புதிதல்ல!

திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் தெருக்கூத்து நடக்கும். கூத்தில் போர் உண்டு, ஒப்பாரியும் உண்டு. நடுவே கட்டியங்காரன் புகுந்து அரசனையே கிண்டல் செய்வான். அழுத கண் காய்வதற்குள் ஜனங்கள் சிரிப்பார்கள். விடிய விடியப் பார்ப்பார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகளும் புராணக் கதையோடு பாட்டையும் வசனத்தையும் சேர்த்தே நாடகம் எழுதினார். 1922-ல் அவர் காலமானது புதுச்சேரியில்தான்.

டெலிவிஷனிலும் இதே கதைதான். 1987-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ராமாயணம்' இந்தியில் வந்தது. கதை தெரிந்திருந்ததால், மொழி தெரியாதவர்களும் பார்த்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் வந்த 'விடாது கருப்பு', ஊர்க் காவல் தெய்வத்தையும் துப்பறியும் கதையையும் மனநோய் மருத்துவத்தையும் கலந்தது. 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி', ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன் படும் பாட்டைச் சொன்னது. நம் வீட்டுக் கதை என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

ஆகவே, கலப்பது குற்றமல்ல. எதைக் கலக்கிறார்கள் என்பதே கேள்வி.

இன்றைய தொடர்கள் பலவற்றில் மாமியார் கொடுமையும், பில்லி சூனியமும், பழிவாங்கலும்தான் மிஞ்சுகின்றன. கூத்திலே துரியோதனன் கொட்டமடித்தால், கட்டியங்காரன் குறுக்கிட்டு, "இது நியாயமா?" என்பான். தொடரிலோ கொடுமை மாதக் கணக்கில் நடக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை! பக்கத்தில் குழந்தைகளும் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நாடகம் எடுப்பவர்கள் கூத்திலிருந்து அழுகையை மட்டும் எடுத்தால் போதாது. சிரிப்பையும் நியாயத்தையும் சேர்த்து எடுக்கவேண்டும். கழனி வேலையும், கடன் தொல்லையும், பிள்ளைகளின் படிப்பும் கதையில் வரட்டும்.

அதுவரை வீட்டிலுள்ள பெரியவர்களே கட்டியங்காரன் வேலையைச் செய்யலாம். தவறான காட்சி வந்தால், "இது நியாயமா?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஊரில் கூத்து நடக்கும் இரவில் பெட்டியை அணைத்துவிட்டு, குடும்பத்தோடு திடலுக்குப் போங்கள். பார்க்க ஆள் இருந்தால்தான் கூத்தும் பிழைக்கும்!