சப்மிட் அமுக்கியாச்சு... போய்ச் சேர்ந்துச்சா?

திருச்சுழியிலிருந்து பாளையம்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், ஆதாரில் முகவரியை மாற்ற உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் போன். சிக்னல் கண்ணாமூச்சி ஆடுகிறது. எல்லாவற்றையும் நிரப்பி சப்மிட்டை அமுக்கியாயிற்று. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"ஆச்சா தாயி?"

"தெரியல அத்தை. இன்னொரு தடவை அமுக்கவா?"

நம்மில் பலரும் இந்த இடத்தில் யோசிக்காமல் அமுக்கிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

போன் திரையில் புது முகவரியைத் தட்டச்சு செய்ததால் மட்டும் எதுவும் மாறிவிடாது. சப்மிட்டை அமுக்கியதும், 'இன்னார், இந்த விவரத்தை இப்படி மாற்றக் கேட்கிறார்' என்ற கோரிக்கை, யாரும் வழியில் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு சர்வருக்குக் கிளம்புகிறது. ஆதாரின் தரவு மையங்கள் இருப்பது பெங்களூரிலும் ஹரியானா மாநிலத்தின் மானேசரிலும். அங்கே சர்வர் அதைச் சரிபார்த்து, பதிந்துகொண்டு, ஒரு பதில் அனுப்பும். 200 என்ற எண் வந்தால் சரி. 400 வரிசை என்றால் நாம் அனுப்பியதில் ஏதோ தவறு. 500 வரிசை என்றால் சர்வர் பக்கம் கோளாறு. இந்த எண்களை வலைத்தளம் தானே படித்துக்கொண்டு நமக்கு வார்த்தையில் சொல்லும்.

பதிலே வராவிட்டால்தான் வில்லங்கம். கோரிக்கை போகாமலே இருந்திருக்கலாம். அல்லது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். இரண்டுக்கும் போனில் தெரிவது அதே வட்டம்தான்!

அண்ணாச்சி கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'பாக்கி 500 என்று மாற்றி எழுது' என்று இரண்டு முறை சொன்னாலும் பாக்கி 500தான். '500 சேர்த்து எழுது' என்று இரண்டு முறை சொன்னால் 1,000 ஆகிவிடும். இணையத்திலும் இப்படி இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு 'புட்' என்று பெயர். திரும்ப அனுப்பினாலும் பாதகமில்லை. இரண்டாவது 'போஸ்ட்', திரும்ப அனுப்பினால் இரண்டாவது விண்ணப்பம் விழலாம், சில இடங்களில் பணமும் இன்னொரு முறை போகலாம். முழுப் பக்கத்தையும் விட்டுவிட்டு ஒரு வரியை மட்டும் திருத்த 'பேட்ச்' என்று ஒன்றை 2010-ல் சேர்த்தார்கள். எந்தத் தளம் எதைப் பயன்படுத்துகிறது என்பது வெளியே தெரியாது. அதனால் கைக்குப் பூட்டுப் போடுவதே நல்லது. வங்கியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் வந்ததும் திரும்ப உள்ளே போய், விண்ணப்பம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் கோரிக்கை எண் இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிலவரம் பார்க்க அதுதான் கேட்பார்கள்.

எண் வந்துவிட்டது என்பதாலேயே முகவரி மாறிவிட்டதாக அர்த்தமில்லை. போய்ச் சேர்ந்தது கோரிக்கைதான்.

புகுந்த வீட்டு முகவரிக்குத் தன் பெயரில் எந்தச் சான்றும் இல்லாத பெண்களுக்கு 2023 ஜனவரியில் ஒரு வசதி வந்தது. குடும்பத் தலைவராகக் கணவரின் ஆதார் எண்ணைக் கொடுத்து, அவருடைய முகவரிக்கே மாறலாம். உறவைக் காட்ட ரேஷன் கார்டோ திருமணச் சான்றோ போதும். அதுவும் இல்லாவிட்டால் குடும்பத் தலைவரின் உறுதிமொழிப் படிவம். ஆனால், கணவரின் போனுக்கு மெசேஜ் போகும். அவர் 30 நாட்களுக்குள் தன் ஆதார் கணக்கில் நுழைந்து சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோரிக்கை மூடப்படும். கட்டிய பணமும் திரும்பாது.

கணவர் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்கிறாரா? ஏதோ விளம்பரம் என்று அவர் அந்த மெசேஜைத் தள்ளிவிடுவதற்குள், அத்தையே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது உத்தமம்.