தெருமூலையில் நின்றவர்கள்

படக்கதை சிறார்க்குரியது, கல்லூரி மலரில் அதற்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சிலர் உளர். அவர்க்கு விடையாக 'வொச்மென்' என்னும் நூலை முன்வைக்க விரும்புகின்றோம். ஆங்கிலேயரான அலன் மூர் எழுத, டேவ் கிபன்ஸ் வரைய, 1986, 1987 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலே பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்தது அது. வாலிபப் பருவத்தில் நாம் பெரிதும் விரும்பிய இந்நூலை அண்மையில் மீண்டும் ஓதினோம். அன்று எம்மை ஈர்த்தது ஒன்று. இன்று ஈர்ப்பது பிறிதொன்று.

நூல் காட்டும் உலகில் முகமூடி வீரர்கள் உண்மையாகவே வாழ்கின்றனர். எனினும் மானிட ஆற்றலைக் கடந்தவன் டொக்டர் மன்ஹாட்டன் என்னும் நீலமேனியன் ஒருவனே. அவன் துணையால் அமெரிக்கா வியட்நாம் போரில் வெல்கின்றது; நிக்சன் 1985 இலும் சனாதிபதியாக வீற்றிருக்கின்றார். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுட் புக, அணுப்போர் வாயிலில் வந்து நிற்கின்றது. இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. அணு விஞ்ஞானிகளின் சஞ்சிகையொன்று 1947 இல் அமைத்த அழிவுக் கடிகாரம், 1984 இல் நள்ளிரவுக்கு மூன்று நிமிடமே உளதெனக் காட்டிற்று. 2025 சனவரியில் அது காட்டியது 89 செக்கன்.

போரைத் தடுக்க வழி காண்பவன் ஒசிமண்டியாஸ். உலகின் தலைசிறந்த மதியூகியெனப் பெயர் பெற்ற இவன், வேற்றுலகப் பிராணியெனத் தோன்றும் செயற்கைப் பூதமொன்றை நியூயோர்க் நகர் நடுவே தோற்றுவித்து இலட்சக்கணக்கானோரைக் கொல்கின்றான். பொதுப்பகைக்கு அஞ்சி வல்லரசுகள் இரண்டும் கைகோக்கின்றன. பொய்யின்மேல் எழுந்த அந்த அமைதியை ஏற்க மறுத்து மடிகின்றான் றோர்ஷாக்.

இளமையில் றோர்ஷாக்கே எமது தலைவன். அவன் வளையாமை எம்மைக் கவர்ந்தது. ஆயினும் இன்று அவனது நாட்குறிப்பை ஓதுங்கால், ஒசிமண்டியாசுக்கும் அவனுக்கும் இடையே நாம் எண்ணிய அத்துணைத் தூரம் இல்லை. ஒருவனுக்கு நகரமக்கள் கணக்கிலிட வேண்டிய தொகை. மற்றவனுக்கோ அழிந்தொழியத் தக்க அழுக்கு. இருவருமே அம்மக்களின் முகத்தை நோக்கினாரல்லர்.

நோக்கியவர் கிபன்ஸ். பக்கந்தோறும் பெரும்பாலும் ஒன்பது கட்டங்கள், எல்லாம் ஒரே அளவு. நீலமேனியனுக்குக் கிடைக்கும் அதே இடமே தெருமூலையிற் பத்திரிகை விற்கும் பேர்ணாட்டுக்கும் கிடைக்கின்றது. ஓயாது அரசியல் பேசும் அம்மனிதரின் அருகே, காசு கொடாமலே கடற்கொள்ளைக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டு ஒரு சிறுவன் அமர்ந்திருக்கின்றான். (நாமும் எத்தனையோ புத்தகங்களை அவ்வாறு படித்து முடித்தவர்களே!) இருவருக்கும் பெயர் ஒன்றே என்பது இறுதி நேரத்திலேதான் தெரியவருகின்றது.

பதினோராம் இதழை ஆறுதலாகப் படியுங்கள். வாடகை வண்டி ஓட்டும் பெண்ணொருத்தி தன் தோழியை நடுத்தெருவில் அடிக்கின்றாள். சிறையில் றோர்ஷாக்கைப் பரிசோதித்து மனம் உடைந்துபோன வைத்தியர் அவ்வழியே வருகின்றார். பிறர் துன்பத்தில் இனித் தலையிட வேண்டாமென்று மனைவி மன்றாடுகின்றாள். அவரால் இயலவில்லை, விலக்கச் செல்கின்றார். அக்கணமே ஒளி பரவுகின்றது. முதிய பேர்ணாட் சிறுவனை அணைத்துக்கொள்ள, கட்டம் வெறும் வெண்மையாகின்றது. அடுத்த இதழின் தொடக்கத்தில் ஆறு முழுப்பக்கங்கள் பிணக்காட்சியே.

அறிஞனின் திட்டத்தில் இவ்வைத்தியர் ஓர் எண்ணிக்கை மட்டுமே. உலகைக் காக்கும் தகுதி இந்நூலில் எவருக்கேனும் உண்டெனில், அது மனைவியின் சொல்லையும் மீறித் தெருச்சண்டை விலக்கச் சென்ற அவருக்கே என்போம். 2009 இல் வந்த திரைப்படத்தில் இத்தெருமூலை மிகவுஞ் சுருங்கிவிட்டது. முகமூடிகளும் குத்துச்சண்டையும் எஞ்சின. ஆதலின் அப்படம் எமக்கு உவக்கவில்லை.

அப்பொய் நிலைக்குமா என்பதை ஆசிரியர் எந்த வீரனிடமும் ஒப்படைக்கவில்லை. உண்மையைச் சொல்லும் றோர்ஷாக்கின் நாட்குறிப்பு, தீவிர வலதுசாரிப் பத்திரிகையொன்றின் அலுவலகத்தில் குப்பைக் கடிதங்களிடையே கிடக்கின்றது. பக்கமொன்றை நிரப்ப ஏதேனும் எடுக்குமாறு ஆசிரிய பீடத்தில் உள்ளவர் கூறுகின்றார். மந்தபுத்தியுள்ள உதவியாளன் ஒருவன், சட்டையிற் சோஸ் கறையோடு, அக்குவியலை நோக்கிக் கை நீட்டுகின்றான்.