கடல் நாவல்களுக்கு ஒரு வரைபடம்



அண்மையில் சாண்டில்யனின் 'கடல் புறா'வை மறுபடி எடுத்தேன். கலிங்கத்துப் பாலூரில் பிடித்த வேகம் மூன்று பாகமும் தளரவில்லை. கப்பலும் கடற்போரும் வரும் பகுதிகள் இன்றும் சுவைதான். பெண்களைப் பற்றிய வர்ணனைகளைத்தான் பக்கம் பக்கமாகத் தள்ளிவிட்டேன். ஆனால் நாயகன் கருணாகர தொண்டைமான் எதிலும் தோற்பதில்லையே! கடலே அவன் பக்கம் நின்றால் படிக்கிறவனுக்கு என்ன பயம்?

பயத்தைக் காட்டியவர் ப. சிங்காரம். 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குப் போகும் தொங்கான் என்னும் மரக்கலத்தைப் புயல் பிடிக்கிறது. கொஞ்சம் பக்கங்கள்தான். நாயகன் பாண்டியனின் சாமர்த்தியம் எதுவும் அங்கே செல்லாது. கிடைத்ததைப் பற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வாக்கியங்களே அலையில் தூக்கிப் போடப்படுகின்றன. சுமத்ராவின் மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்தவரின் எழுத்து என்பது வரிக்கு வரி தெரிகிறது.

ஜோ டி குரூஸின் 'கொற்கை' ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தூத்துக்குடித் தோணித் தொழிலின் ஏற்ற இறக்கம் இதில் விரிவாக இருக்கிறது. பாத்திரங்களைத்தான் நினைவில் வைக்க முடியவில்லை.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மறுபதிப்பிலாவது முன்பக்கத்தில் ஒரு கடல்வழிப் படம் சேர்த்துவிடுங்கள். மேடானைத் தேடி, பேரனின் பள்ளி அட்லஸைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

— ஒரு வாசகர், திருச்சி