கருவாட்டைப் பற்றிப் படிக்கவும் கடல் கடக்கலாம்

பெறுநர்:
மாண்புமிகு ஒன்றிய சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை அமைச்சர் அவர்கள்,
புது டெல்லி.



உங்கள் அமைச்சகம் நடத்தும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் விதிமுறைகளில் 2022 பிப்ரவரியில் ஒரு வரி சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய படிப்புக்கும் ஆய்வுக்கும் இந்த உதவித்தொகை கிடையாது என்பது அந்த வரி. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஆவடிக்காரி. இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில், ப்ரா என்ற சிறு நகரத்தை ஒட்டிய பொலென்சோவில், உணவும் பண்பாடும் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். ஸ்லோ ஃபுட் இயக்கத்தார் 2004-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. உங்கள் உதவித்தொகைக்கு நான் விண்ணப்பித்ததில்லை, பெரும்பாலும் பட்டியலினத்தவருக்கான அதற்குத் தகுதி உள்ளவளும் இல்லை. கட்டணச் சலுகையும் வங்கிக் கடனும் சேர்ந்து என்னை இங்கே கொண்டுவந்தன. ஆனால் ஆவடியிலிருந்தும் பட்டாபிராமிலிருந்தும் திருமுல்லைவாயிலிலிருந்தும் தம்பி தங்கைகள் ராத்திரியில் செய்தி அனுப்புகிறார்கள். ‘அக்கா, இந்தப் படிப்புக்கு நாங்களும் வரலாமா? காசுக்கு என்ன வழி?’ என்று கேட்கிறார்கள். அவர்களில் பலருக்கு முறைப்படி சொல்ல வேண்டிய பதில் உங்கள் திட்டத்தின் பெயர்தான். அந்த ஒரு வரியால் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

இங்கே வந்த முதல் நாட்கள் காகித வேலையிலேயே போயின. வந்த எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், வரி எண் வாங்க வேண்டும், வீட்டு ஒப்பந்தம் போட வேண்டும். மொழி தெரியாமல் வரிசையில் நிற்பது கஷ்டம்தான். வெளிநாடு போகிற எல்லோரும் படுகிற பாடு அது. வகுப்பு தொடங்கிய பிறகு நடந்ததைத்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பியெமோந்தேவுக்குக் கடல் கிடையாது. ஆனால் இந்த மாநிலம் தன் பெருமையாகக் கொண்டாடும் உணவு ‘பான்யா கௌடா’ கடல்மீனால் ஆனது. குளிர் தொடங்கும் நேரத்தில் எங்களை அடுப்படிக்கு அழைத்துப்போய்ச் செய்யவைத்தார்கள். உப்பில் அடுக்கிவைத்த நெத்திலியைத் தண்ணீரில் அலசி, நடு முள்ளை விரலால் உருவி எடுத்தோம். ஆலிவ் எண்ணெயில் ஒரு கை நிறைய பூண்டு சின்னத் தீயில் குழைய வேகிறது. அதில் நெத்திலியைப் போட்டு மரக்கரண்டியால் கிளறக் கிளற, மீன் கரைந்து எண்ணெயே பழுப்பாகிவிடுகிறது. மண் சட்டியோடு மேஜை நடுவில் வைத்து, அடியில் சிறு விளக்கு ஏற்றி, குடைமிளகாயையும் கோஸையும் அதில் தோய்த்துச் சுற்றி உட்கார்ந்து தின்கிறார்கள். வாடை முடியில் ஏறி, சட்டையில் ஏறி, மறுநாளும் போவதில்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

இதே மாநிலத்தின் மைரா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஏழை உழவர்கள், பனியில் நிலம் உறைந்து வேலையற்றுக் கிடந்த மாதங்களில், இந்த உப்பு நெத்திலியை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக விற்றார்கள். அவர்களுடைய வண்டியையும் பீப்பாயையும் வைத்துச் செல்லே தி மாக்ரா என்ற மலைக் கிராமத்தில் அருங்காட்சியகமே நடத்துகிறார்கள். எங்கள் பேராசிரியர் அந்த வியாபாரிகளின் கதையைச் சொன்னபோது எனக்குப் பழவேற்காட்டுக் கருவாட்டுக் கூடை கண்ணில் வந்தது. நம் ஊரில் அந்தக் கூடைக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய வயதான அம்மா ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள்மீது நடவடிக்கை எடுத்தார்கள், சரி. ஒரு மீன் வாடை ஓரிடத்தில் மாநிலத்தின் பெருமையாகவும் இன்னோரிடத்தில் ஒரு மனுஷியைத் தெருவில் இறக்கிவிடக் காரணமாகவும் ஆவது எப்படி என்பதைக் கண்டுபிடிக்க அந்த நடவடிக்கை போதாது. அதற்குப் படிப்பு வேண்டும்.

இன்னொரு நாள் நெல்லைப் பற்றிய வகுப்பு. வெர்செல்லி பக்கம் வயல்களில் முழங்கால் தண்ணீரில் குனிந்து களையெடுத்த கூலிப் பெண்களின் வரலாறு. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி 1906-ல் அதை வென்றவர்கள் அவர்கள். அவர்கள் பாடிய பாட்டுகளைச் சேகரித்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் நாற்று நட்ட பெண்களுக்கும் பாட்டு உண்டு, கூலிக்காகப் பட்ட அடியும் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் கூலி விவசாயிகளும் அவர்கள் பெண்டு பிள்ளைகளுமாக 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதன் பின்னாலும் நெல் கூலிக் கேள்விதான் இருந்தது. நம் தட்டில் விழும் சோற்றின் பண்பாட்டு வரலாறு அங்கேயும் இருக்கிறது.

பிறகு எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ‘உங்கள் வீட்டில் எதைச் சாப்பிடுவதில்லை, ஏன்?’ மெக்சிகோக்காரி மெக்சிகோவைப் பற்றி எழுதினாள். இத்தாலியர்கள் தங்கள் பாட்டிமார் வீட்டைப் பற்றி எழுதினார்கள். நான் எங்கள் வீட்டைப் பற்றி எழுதினேன். கருவாடு உண்டு, ஆட்டுக்கறி ஞாயிற்றுக்கிழமை, மாட்டுக்கறி மட்டும் வாசலைத் தாண்டி வராது. ‘ஏன்?’ என்ற இடத்துக்கு வந்ததும் என் பக்கம் சிறுத்துப்போனது. விலக்குகிறவர்களின் வீட்டு நியாயம் எனக்குத் தெரியும். அதே ஆவடியில், பத்துத் தெரு தள்ளி, அந்த விலக்கலை வாங்கிக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை அந்த வகுப்பில் இல்லை. தமிழ்ச் சாப்பாடு என்றால் என்ன என்பதை அந்த அறை என் ஒருத்தியின் வாயால் மட்டும் கேட்டது. ஐயா, நான் சொல்ல வந்தது இதைத்தான். உங்கள் விதி அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறது.

இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் அறிஞர்களும் இருக்கிறார்கள், வெளியே போவானேன் என்பது அந்த வரியைச் சேர்த்தபோது தரப்பட்ட விளக்கம். அதை அலட்சியமாகத் தள்ள மாட்டேன். சமையல் தொழில் கற்கத் தரமணி இருக்கிறது, உணவைப் பதப்படுத்தத் தஞ்சாவூர் இருக்கிறது, சத்துக் கணக்குக்கு மனையியல் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாம் நல்ல இடங்கள். ஆனால் 2023-ல் கரூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. மாவட்ட ஆட்சியரே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்தக் காலை உணவைத் தொட மறுத்த கை எந்தத் துறையின் பாடம்? உணவையும் சாதியையும் கூலியையும் சட்டத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் படிக்கும் படிப்பு இங்கே இருக்கிறது. வேறு நாடுகளின் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும்போதுதான் நாம் இயல்பென்று நினைத்தது இயல்பில்லை என்று தெரிகிறது. மைரா நெத்திலியைப் பார்க்காமல் பழவேற்காட்டுக் கூடையை நான் இப்படி யோசித்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகளின் கருவாட்டைப் பற்றிய பெரிய கூட்டாய்வுத் திட்டம் ஒன்று கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் தலைமையில் நடந்தது. ஆக, நம் கருவாட்டைப் பற்றிய அறிவு ஏற்கெனவே கடல் தாண்டித்தான் தொகுக்கப்படுகிறது. கருவாடு காயவைக்கும் குடும்பத்துப் பெண் உங்கள் உதவியோடு அப்படிப்பட்ட மேஜைக்குப் போக நினைத்தால், விண்ணப்பம் தலைப்பிலேயே நின்றுவிடும்.

உங்கள் துறையின் சுவரில் அண்ணல் அம்பேத்கரின் படம் இல்லாமல் இருக்காது. 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916 மே 9 அன்று, அங்கே கோல்டன்வைசர் என்ற ஆசிரியரின் மானிடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்தது இந்தியாவில் சாதிகள் தோன்றி இயங்கும் விதம் பற்றிய கட்டுரை. பின்னால் லண்டனில் அவருக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்த ஆய்வு இந்திய ரூபாயைப் பற்றியது. இந்தியாவின் நூலகங்கள் அன்றைக்கும் இருந்தன. கொலம்பியாவில் அவருக்குக் கிடைத்தது புத்தகம் மட்டும் அல்ல. யாரும் சாதி கேட்காத வகுப்பறையில் உட்கார்ந்து சாதியைப் பற்றிப் பேசும் இடம். மாட்டிறைச்சியையும் தீண்டாமையையும் இணைத்து 1948-ல் அவர் எழுதிய நூலை இன்று உணவுப் பண்பாடு படிக்கிறவர்கள் ஒதுக்கிவிட முடியாது. இன்றைய விதிப்படி 1916-ன் அந்தக் கட்டுரைத் தலைப்புக்கு உங்கள் திட்டத்தில் இடமில்லை.

இந்தத் திட்டம் 1954-55-ல் தொடங்கியது. அதே 1955-ன் ஜனவரியில் எங்கள் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அந்த ஊர்க்காரி என்ற உரிமையிலும் கேட்கிறேன். ஆண்டுக்கு 125 இடம், அதில் 115 பட்டியலினத்தவருக்கு; குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இத்தனை பெரிய நாட்டில் இத்தனை சிறிய எண்ணிக்கை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சொந்தக் காசில் வந்து இந்தியாவைப் பற்றி எதை வேண்டுமானாலும் ஆராயலாம், யாரும் தடுப்பதில்லை. தலைப்புக்கான தடை, அரசுப் பணம் தவிர வேறு வழியில்லாதவர் தலையில் மட்டும்தான் வந்து விழுகிறது. உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்கும் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், ஒரே துறைக்கென்று நடக்கும் சிறு கல்விக்கூடங்களை வெளியே நிறுத்திவிடுகிறது. அதற்கும் துறைவாரியாக விலக்கு வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான விதிமுறையை உங்கள் அதிகாரிகள் கோப்பில் வைக்கும்போது அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விண்ணப்பம் திறக்கும் தேதியைத் தமிழ் நாளிதழ்களிலும் வெளியிடச் சொல்லுங்கள். ஆவடியிலிருந்து கேட்கும் பிள்ளைகளுக்கு அன்று ராத்திரியே நான் பதில் எழுதிவிடுவேன்.

இப்படிக்கு,
ஆவடி மாணவி ஒருத்தி,
பொலென்சோ, இத்தாலி.