ஒரிஜினல் எண்டால் எது?

கார் வாங்கினது நாங்கள் இல்லை. முதலே சொல்லிவிடுகிறோம். ஒரு படம் போட்டதற்கே "கலைப்பீடத்துக்கு இப்ப மஹாபொல இவ்வளவு குடுக்கினமோ?" என்று கேட்டு முடித்துவிட்டார்கள். வாங்கினது எங்களில் ஒருத்தனின் மாமா. கனடாவில் இருக்கிறார். மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டிலில், கிடுகுக்கும் பழைய சாக்குக்கும் கீழே கிடந்த 1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அதுவும் சாதாரண மைனர் இல்லை, ஹூட் மடிக்கிற கொன்வேர்ட்டிபிள். ஊர்ப் பெரிசுகள் 'ஓப்பின் கார்' என்பார்கள். மாமா காசு அனுப்புவார், பக்கத்தில் நின்று வேலையைச் செய்விப்பது எங்கட பொறுப்பு. நாங்கள் ஐந்து பேர். தொடங்கும்போது, இந்தக் காருக்கு மில்லிமீற்றர் ஸ்பனர் பிடிக்காது, அங்குல அளவுதான் வேணும் என்பதுகூட ஒருத்தருக்கும் தெரியாது.

மாமா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "எல்லாம் ஒரிஜினலா வரவேணும்."

இந்த ஒரு சொல்லோடு எட்டு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறோம். கார் பாதி முடிந்துவிட்டது. சொல்தான் முடியவில்லை.

மைனரின் கதையை வாசிக்கத் தொடங்கினபோதே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த கார் இது. 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளியே வந்தது. வருவதற்குக் கொஞ்சம் முன்னர், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்கே மனம் ஒப்பவில்லை. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பாதிகளை இழுத்து வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் கூட்டச் சொல்லிவிட்டார். மைனரின் பொனற்றுக்கு நடுவே ஓடுகிற அந்தத் தட்டையான பட்டி அப்படி வந்ததுதான். ஏற்கெனவே அடித்து வைத்த பம்பர்களையும் நடுவால் வெட்டி, ஒரு துண்டு வைத்துப் பொருத்தித்தான் முதல் கார்களை வெளியே விட்டார்கள். பிறகு 1952இல் மொறிஸும் அதன் போட்டிக் கொம்பனியான ஒஸ்ரினும் ஒன்றாக, ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சினைத் தூக்கி மைனருக்குள் வைத்தார்கள். எங்கட காரில் இருப்பதும் அதுதான். ஆக, ஃபக்டரியில் இருந்து வரும்போதே வெட்டி ஒட்டின உடம்பு, எதிரி வீட்டு இருதயம். இதைத்தான் மாமா 'ஒரிஜினல்' என்கிறார்.

இது குதர்க்கம் என்று நினைப்பவர்கள் எஞ்சின் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். காபரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் திறப்பான். அதில் இருந்து ஒரு செப்புக் குழாய் போய், சூடான எக்ஸோஸ்ட் குழாயை ஒட்டி வளைந்து திரும்பி வருகிறது. மேலே ஒரு சின்னப் போத்தலைத் தொங்கவிட ஒரு கம்பி வளையம். இங்கிலாந்தில் அச்சடித்த எந்தக் கையேட்டிலும் இது இருக்காது. எங்கட அம்மா அப்பாமாரைக் கேட்டால் பார்த்த உடனே சொல்லுவார்கள். 1990இல் தொடங்கின பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் போத்தலில் இருக்கிற கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் திறப்பானைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிப்பாட்ட முதல் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றவேணும், இல்லாவிட்டால் அடுத்த நாள் காலமை எழும்பாது. மைனர், ஏ 40, கேம்பிரிட்ஜ் மாதிரிக் கார்கள் அந்த நேரம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் அவற்றின் எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு என்பது. எங்கட எஞ்சின் மொத்தமே 30 குதிரைவலுதான். அந்தப் பலவீனம்தான் அதைக் காப்பாற்றியது. ஆனால் சும்மா விடவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் சுவரில் கை வைத்தாலே தெரிகிற அளவுக்குத் தேய்வு. போர் பண்ணிப் புதுப் பிஸ்ரன் போட்டோம். அந்தச் செலவில் மாமாவுக்கு ஆட்சேபணை இல்லை.

திறப்பானைக் கழற்றச் சொன்னதில்தான் எங்களுக்கு ஆட்சேபணை.

அதற்கு முன் பிறேக் கதையைச் சொல்ல வேணும். எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் மாதம், எஞ்சின் ஓடத் தொடங்கின சந்தோஷத்தில் கொக்குவிலில் ஒரு ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்தோம். முடக்கில் பிறேக்கை மிதிக்க, பெடல் தரைமட்டும் போனது. திரும்ப மிதித்தாலும் அதே கதை. ஹேண்ட் பிறேக்கை இழுத்து, முதலாம் கியருக்குப் போட்டு, கடைசியில் ஒரு வேலிதான் காரை நிற்பாட்டியது. கதியால் ரெண்டு முறிந்தது. வீட்டுக்கார அம்மா வந்து பேசினதை இங்கே எழுத முடியாது. ஆனால் ரெண்டு நிமிசத்துக்கு முன்னம் அந்த வழியால் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளில் போயிருந்தார்கள். அந்த நினைப்பு எங்களுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவிடவில்லை.

காரணம் எளிது. இந்தக் காரில் நாலு சில்லுக்கும் ஒரே பிறேக் சுற்றுத்தான். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. அதோடு மாஸ்ரர் சிலிண்டரைக் கொண்டுபோய் ஓட்டுனரின் காலுக்குக் கீழே, சேசிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒயில் பார்க்கவே கார்பெற்றைத் தூக்கி ஒரு சின்ன மூடியைக் கழற்ற வேணும். ஆகவே ஒருத்தரும் பார்ப்பதில்லை. ஒரிஜினல் எண்டால் இதுவும் ஒரிஜினல்தான். நாங்கள் மாமாவுக்கு நேரே சொன்னோம்: இரட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டர், முன்னுக்கு டிஸ்க் பிறேக். இது ரெண்டும் இல்லாமல் எங்களில் ஒருத்தரும் இந்தக் காருக்குள் ஏற மாட்டோம். கொஞ்சம் முறுகினார், பிறகு ஒப்புக்கொண்டார்.

அதே மாதிரித்தான் சிக்னலும். கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு சின்னக் கை எழும்பித் திரும்பப் போவதைக் காட்டும், ட்ராபிகேற்றர். பார்க்கச் சோக்காய் இருக்கும். ஆனால் காங்கேசன்துறை வீதியில் பின்னால் வருகிற ஓட்டோக்காரன் அதைக் கவனிப்பான் என்று நம்பி வலப்பக்கம் திரும்ப எங்களுக்குத் துணிவில்லை. கையையும் விட்டுவைத்து, மினுங்குகிற சிக்னலும் போட்டோம். சீற் பெல்ற் போட்டோம். மேலே கூரைத் தூண் இல்லாத கார் என்பதால் தோள் பட்டியை எங்கே பிடிப்பது என்பதே பெரிய பாடு. துணி சுற்றின பழைய வயர் எல்லாவற்றையும் உருவி எடுத்தாச்சு. இதில் ஒன்றிலும் எங்களுக்கு மனக்குறை இல்லை. பழசு என்பதற்காக ஒருத்தரைச் சாகவிட ஏலாது.

உடம்பு வேலையில் பட்டது வேறு பாடம். கொன்வேர்ட்டிபிள் என்றால் கூரையை வெட்டி எடுத்த மைனர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். முதலில் விட்ட கராஜும் அப்படித்தான் நினைத்தது போல. இந்தக் காருக்குத் தனிச் சேசி இல்லை, உடம்பேதான் பாரத்தைத் தாங்குகிறது. கூரை உள்ள காரில் கூரையும் ஒரு பங்கு தாங்கும். கூரை இல்லாததில் முழுப் பாரமும் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி மாதிரித் தகட்டிலும் தரையிலும்தான். அதற்காகவே ஃபக்டரியில் கீழே மேலதிகத் தகடு வைத்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கராஜில் காரை ஜக்கில் தூக்கி வைத்துக்கொண்டு, ரெண்டு பக்கத் துருவையும் ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட்டார்கள். கார் நடுவால் தொய்ந்துவிட்டது. கதவு மூடுபடவில்லை. மூடினது திறபடவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு இப்போதைய ஐயா கிடைத்தார். எழுபது தாண்டியவர். காரை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், ஓப்பின் காரைக் கதவு பூட்டி அளந்துபோட்டுத்தான் வெட்டவேணும்" என்றார். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புப் பட்டம் வெல்ட் பண்ணி, கீழே நாலு இடத்தில் முண்டு கொடுத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மற்றப் பக்கம் தொட்டார். மூன்று கிழமை எடுத்தது. அளவு எல்லாம் ஒரு பீடிப் பெட்டியின் பின்பக்கத்தில். எங்களில் ஒருத்தி அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஐயாவுக்குச் சீடர் இல்லை. "ஆர் தம்பி வாறாங்கள்?" என்பார். வெளிநாட்டு வாகன இறக்குமதி 2020இல் நிற்பாட்டப்பட்டு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாடு முழுக்கப் பழைய வாகனத்தில்தான் ஓடியது. திருத்துகிற கைகளுக்கு அப்போதாவது ஒரு மரியாதை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கட வீடுகளில் இன்றைக்கும் 'படிக்காட்டி கராஜுக்குத்தான் போவாய்' என்று வெருட்டித்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். நாங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். கலைப்பீடத்தில் மரபுரிமை பற்றி நோட்ஸ் எழுதுகிற எங்களுக்கு, மரபுரிமை என்றால் கோயில், கோட்டை, ஓலைச்சுவடி. பீடிப் பெட்டியில் எழுதின அளவு அதற்குள் வராது.

சரி, திறப்பானுக்கு வருவோம்.

மாமா போனவர் 1986இல். அவர் மனதில் இருப்பது அதற்கு முந்தின கார். பக்கத்து வீட்டு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்து, ஹூட்டை மடித்துவிட்டு, கீரிமலைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன கார். அந்த ஒரிஜினலை நாங்கள் பகிடி பண்ண விரும்பவில்லை. அதைத் தேடித்தான் அவர் இவ்வளவு காசு கொட்டுகிறார். ஆனால் அந்தக் கார் அவரோடு ப்ளேன் ஏறவில்லை, இங்கேயே நின்றது. மண்ணெண்ணெய் குடித்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சாமான் மூட்டைகளோடு தென்மராட்சிக்குப் போய், பிறகு திரும்பி வந்தது. கிழிந்த ஹூட்டுக்குப் பதிலாக ஒருத்தர் கூடாரத் துணியைத் தைத்துப் போட்டிருந்தார். ஸ்கூல் பாக்குக்குப் போடுகிற அதே தையல்.

இலக்கத் தகடும் அப்படித்தான். ஆங்கில எழுத்து இலக்கம். 1957, 58இல் வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' போட வேணும் என்று வந்து, இங்கே அதற்கு மேல் தார் பூசித் தமிழ் 'ஸ்ரீ' எழுதின போராட்டத்தைப் பாடப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, தாத்தாமாரிடம் கிடைக்கும். எங்கட கார் அதற்கு முன்னரே பதிந்ததால் அந்தச் சண்டையில் இருந்து தப்பிவிட்டது. அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று 'விண்டேஜ் ஸ்ரைலில்' புதுசு அடித்துத் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டோம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு முதல் தரம் போகிற எந்த வெளியூர்ப் பிள்ளைக்கும் 1981இல் அது எரிந்தது என்று சுவர் சொல்லாது. வெள்ளை. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விடுவதா, திருத்துவதா என்று அந்த நேரம் வாதம் நடந்தது. திருத்தி, 2003இல் திறந்தார்கள். நூலகம் திரும்ப வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. நாங்கள் அங்கே இருந்துதான் படிக்கிறோம். ஆனால் ஒரு மூலையில், ஒரு கரிந்த சுவரை, கண்ணாடி போட்டாவது விட்டிருக்கலாம் என்று எங்களில் நாலு பேருக்கு எண்ணம். ஐந்தாமவன், "எரிஞ்ச சுவரைப் பாத்துக்கொண்டு ஆர் படிக்கிறது" என்கிறான். அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது.

கார் விசயத்தில் மட்டும் ஐந்து பேரும் ஒன்று. உயிரோடு சம்பந்தப்பட்டதை மாற்றுவோம். தேய்ந்ததைப் புதுப்பிப்போம். இங்கே இருந்தவர்கள் தங்கள் கையால் செய்ததை, அது அசிங்கமாக இருந்தாலும், கழற்ற மாட்டோம். மைனருக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் அநேகமாக எல்லாப் பாகமும் புதிதாக வாங்கலாம். மாமா நினைத்தால் இரண்டு வருடத்தில் கவுலி ஃபக்டரியில் இருந்து நேற்று இறங்கின மாதிரி ஒரு கார் நிற்கும். கலியாண வீட்டு ஷூட்டுக்கு நாளுக்கு இவ்வளவு என்று வாடகைக்கும் போகும். ஆனால் அந்தத் திறப்பானை ஓடர் பண்ணி எடுக்க ஏலாது.

போன கிழமை வீடியோ கோலில் மாமாவுக்கு அதைக் காட்டினோம். எப்படித் திருப்புவது என்று ஐயாவே செய்து காட்டினார். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதும் உப்பிடி ஒண்டிலயோ?" என்று கேட்டார். ஐயா, "இருக்கும் தம்பி, வேற என்ன ஓடினது" என்றார். பிறகு மாமா கதையை மாற்றிப் பெயின்ற் நிறத்தைப் பற்றிக் கேட்டார். கழற்றச் சொல்லவும் இல்லை, விடச் சொல்லவும் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார், வந்து பார்க்கிறாராம்.

அதுவரைக்கும் அது அங்கேதான் இருக்கும். ஹூட்டுக்குத் துணி இன்னும் கிடைக்கவில்லை. கூடாரத் துணியைக் கழுவி மடித்து வைத்திருக்கிறோம். கறள் கறை போகவில்லை.